மனச்சுமையும் அதைப் பிரித்தறியும் வழியும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில், ஜூரோங் தொழிற்பேட்டையை ஒட்டி அமைந்திருப்பது பூன் லே. ஒரு காலத்தில் அங்கே காம்பியரும் மிளகும், பின்னர் ரப்பரும் பயிரிட்ட சூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயரே அவ்விடத்துக்கு நிலைத்துவிட்டது. 1961-ஆம் ஆண்டு முதல் சதுப்பு நிலங்களும் தோட்டங்களும் திருத்தப்பட்டுத் தொழிற்சாலைகள் எழுந்தன; தொழிற்சாலைகளைத் தொடர்ந்து அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. 1990-இல் எம்ஆர்டி இரயில் வந்து சேர்ந்தது. 2009 வரை மேற்குத் திசையில் அதுவே கடைசி நிலையம். ஞாயிற்றுக்கிழமை அந்தி வேளையில் அந்நிலையத்தை அடுத்த பேருந்து முனையத்தில் சிறிது நேரம் நிற்பவர், தஞ்சைத் தமிழையும் இராமநாதபுரத்துத் தமிழையும் கேளாமல் திரும்புவது கடினம். துவாஸ், ஜூரோங் வட்டாரங்களின் தங்கும் விடுதிகளில் வாழும் ஊழியர்கள் கடைகண்ணிக்கு வருவதும், தேக்காவுக்குப் போய்த் திரும்புவதும் இவ்வழியாகத்தான்.

இவர்களுள் ஒருவரை நிறுத்தி நலம் விசாரித்தால் ‘நல்லா இருக்கேன் அண்ணே’ என்ற விடையே வரும். பழகியவர் சற்று வற்புறுத்திக் கேட்டால் தலைவலி என்பார். தூக்கம் பிடிக்கவில்லை என்பார். சாப்பாடு இறங்கவில்லை என்பார். மனம் சரியில்லை என்று முதல் பேச்சிலேயே சொல்பவர் மிகச் சிலர்.

இதை ஒளிவுமறைவு என்று மட்டும் கொள்வதற்கில்லை. நம் மொழியின் இயல்பிலேயே அது உள்ளது. நெஞ்சு கனக்கிறது, வயிற்றைக் கலக்குகிறது, தலை வெடிக்கிறது, கை கால் ஓடவில்லை என்றெல்லாம் உள்ளத்தின் துன்பத்தை உடலின் மேல் ஏற்றிச் சொல்வதே தமிழ் வழக்கு. அது தவறான வழக்கும் அன்று. மனக் கலக்கம் உண்மையிலேயே உடம்பில் தெரிவதுதான். ஆயினும் இதனால் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. மருத்துவரிடம் போனவர் தலைவலியை மட்டும் சொல்லுகிறார். மருத்துவர் தலைவலிக்கு மாத்திரை கொடுக்கிறார். இருவரும் தத்தம் கடமையைச் செய்ததாக எண்ணிப் பிரிகின்றனர். தூக்கமின்மைக்குக் காரணமான கவலை அந்த அறைக்குள் வரவே இல்லை. ‘நரம்புத் தளர்ச்சி’ என்றொரு சொல்லும் நம்மிடையே நெடுநாளாக உலவுகிறது. மனச்சோர்வுற்றவனின் நரம்பு எதுவும் தளர்ந்துவிடுவதில்லை. அந்தச் சொல்லால் பயனடைந்தவர்கள், ஊர்ச் சுவர்களில் விளம்பரம் எழுதி இலேகியம் விற்றவர்களே.

இரும்பும் மனமும்

இன்று ஊழியர் விடுதி முதல் பள்ளிக்கூடம் வரை எல்லாரும் சொல்லும் ‘அழுத்தம்’ என்ற கருத்து, பொறியியலிலிருந்து உளநூலுக்குக் கடன் வாங்கியது. ஜூரோங்கின் கப்பல் பட்டறைகளில் வெல்டிங் வேலை செய்பவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஓர் இரும்புத் தண்டின் மேல் பாரம் ஏறும்போது அதனுள் உண்டாகும் விசையைப் பொறியியலார் தகைவு என்பர். அதனால் தண்டின் வடிவில் ஏற்படும் மாறுதலைத் திரிபு என்பர். பாரம் ஓர் எல்லைக்குட்பட்டிருந்தால், அதை எடுத்தவுடன் தண்டு பழைய நிலைக்குத் திரும்பும். எல்லையைக் கடந்தால் திரும்பாது. இன்னொன்றும் உண்டு: முறிக்கும் அளவு இல்லாத சிறு பாரமே ஆயினும், ஓய்வின்றி இலட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் இரும்பில் மயிரிழை போன்ற விரிசல் காணும். அதைப் பட்டறைக்காரர்கள் உலோகத்தின் களைப்பு என்றே சொல்லுகின்றனர்.

இக்கருத்தை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே. அவருக்கு முன்னரே, அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கானன் 1915-இல் வெளியிட்ட நூலில், அச்சமும் சினமும் தோன்றும்போது உடல் போரிடவோ ஓடவோ ஆயத்தமாவதை விளக்கியிருந்தார். சிறுநீரகத்தின் மேல் குல்லாய் போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் இரத்தத்தில் கலக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, மூச்சு விரைகிறது, செரிமானம் நிற்கிறது. பாம்பைக் கண்டவனுக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. செல்யே 1936-இல் ஒரு படி மேலே சென்றார். குளிர், காயம், நஞ்சு, மிகையான உழைப்பு என்று எவ்வகைத் துன்பத்துக்கு உட்படுத்தினாலும் ஆய்வுக்கூட எலிகளின் உடலில் ஒரே வகை மாறுதல்கள் தோன்றுவதைக் கண்டார்: அட்ரினல் சுரப்பி பருத்தது, நோயை எதிர்க்கும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் கண்டது. முதலில் திடுக்கிடல், பிறகு தாக்குப்பிடித்தல், கடைசியில் ஓய்ந்துபோதல் என்று மூன்று நிலைகளை அவர் வகுத்தார். தாம் ‘தகைவு’க்குரிய ஆங்கிலச் சொல்லை எடுத்தது பிழை, ‘திரிபு’க்குரிய சொல்லையே எடுத்திருக்க வேண்டும், அக்காலத்தில் தம் ஆங்கிலம் போதவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

சொல் எதுவாயினும், பாரமும் அதனால் உண்டாகும் மாறுதலும் வெவ்வேறு என்பதை மறக்கலாகாது. பாரத்தைக் குறைப்பது ஒரு வேலை; பாரத்தைத் தாங்கும் உடலையும் உள்ளத்தையும் செப்பனிடுவது மற்றொரு வேலை. மன அமைதிக்கு வழி சொல்லும் பல அறிவுரைகள் இரண்டாவதை மட்டுமே பேசுகின்றன. கடன்காரன் வாயிலில் நிற்கும்போது மூச்சுப் பயிற்சியால் கடன் அடையாது.

‘ஒரே டென்ஷன்’

புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். முகவருக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கிய பணம் இன்னும் தீரவில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த மாதம் மிகைநேர வேலை உண்டா இல்லையா என்பது சூப்பர்வைசரின் வாயில் இருக்கிறது. விடியுமுன் லாரி ஏற வேண்டும். பலர் படுக்கும் அறையில் ஒருவர் இரவு வேலை முடிந்து வரும்போது மற்றொருவர் பகல் வேலைக்கு எழுகிறார். அம்மாவுக்குச் சர்க்கரை நோய். இவ்வளவையும் சேர்த்து அவர் ஒரே சொல்லில் ‘டென்ஷன்’ என்று முடித்துவிடுகிறார். அந்த ஒரு சொல்லுக்குள் ஆறு வேறு பொருள்கள் மூட்டையாகக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. மூட்டையாக இருக்கும் வரை அதை அசைக்க முடியாது.

உழைப்பின் மிகுதி மட்டும் மனத்தை முறிப்பதில்லை என்பதை அமெரிக்க அறிஞர் ராபர்ட் கரசெக் 1979-இல் எடுத்துக்காட்டினார். அமெரிக்க, சுவீடன் நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய விவரங்களை ஆராய்ந்து, வேலை மிகக் கடுமையாக இருந்து அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை மிகக் குறைவாக இருக்கும் இடத்திலேயே மனத்துன்பம் மிகுதி என்று அவர் கண்டார். கடுமையான வேலையும் கையில் அதிகாரமும் உடைய மேலாளரைவிட, அதே அளவு உழைத்து எதையும் தீர்மானிக்க இயலாத கடைநிலை ஊழியரே அதிகம் வாடுகிறார்.

சிங்கப்பூரிலேயே இதற்குச் சான்று உண்டு. சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த 605 ஊழியரை விசாரித்து 2015-இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். வழக்கம்போல் வேலையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 13 பேருக்கே கடும் மனநோய் இருக்கக்கூடும் என்று வினாத்தாள் காட்டியது. வேலையில் காயமுற்றோ சம்பள பாக்கிக்காகவோ முறையிட்டுக் காத்திருந்தவர்களிடையே அது நூற்றுக்கு 62-ஆக இருந்தது. வினாத்தாளின் மதிப்பீடு மருத்துவர் பார்த்துச் சொல்லும் முடிவுக்கு ஈடாகாது. அப்படியிருந்தும் இந்த வேறுபாடு பெரிது. இரு சாராரும் ஒரே ஊர்களிலிருந்து வந்தவர்கள், ஒரே வகை வேலை செய்தவர்கள். ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம், முகவருக்குக் கொடுத்த கடன், தங்குமிடத் தொல்லை ஆகியவையே அத்துன்பத்தோடு நெருங்கிப் பிணைந்திருந்தன. மனத்திடம் குறைந்தவர்கள் வாடினார்கள் என்று இதற்குப் பொருள் கூறுவது அநியாயம்.

2020-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவிட் தொற்றினால் விடுதிகள் அடைக்கப்பட்டபோது, வெளியே போக இயலாமல் மாதக்கணக்கில் அறைக்குள் இருந்தவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர். நோயைவிட, எப்போது விடுவார்கள் என்று தெரியாத நிலை பலரை வாட்டியது. அவ்வாண்டு நவம்பரில், வெளிநாட்டு ஊழியரின் மனநலத்துக்கென மனிதவள அமைச்சு தனிப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதுவரை பொறுத்துக்கொள்ளும் உடம்பாக மட்டும் எண்ணப்பட்டவர்க்கு மனமும் உண்டென்று அரசாங்க ஏட்டில் பதிவானது அப்போதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

ஹராரே நகரத்து மர இருக்கை

மூட்டையை அவிழ்ப்பதற்கு எளிய முறையொன்று ஆப்பிரிக்காவிலிருந்து கிடைத்தது. ஜிம்பாப்வே நாட்டில் டிக்சன் சிபாண்டா என்ற மனநோய் மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வந்த இளம்பெண் ஒருத்தி, மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமல் இருந்துவிட்டு, தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு மக்கள் வர இயலாவிட்டால் மருத்துவம் மக்களிடம் போக வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். ஆனால் நாடு முழுவதிலும் மனநோய் மருத்துவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. ஆகவே 2006-இல் ஹராரே நகரில், அக்கம்பக்கத்துப் பாட்டிமார்களுக்குப் பயிற்சி அளித்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மரத்தடியில் ஒரு மர இருக்கையைப் போட்டு உட்காரச் செய்தார். அதற்கு நட்பு இருக்கை என்று பெயர். அந்நாட்டு ஷோனா மொழியில் இந்த நோய்க்கு மக்கள் வழங்கும் பெயர் ‘குஃபுங்கிசிசா’. அளவுக்கு மீறி யோசித்தல் என்பது பொருள். ‘யோசனை ஜாஸ்தியாகிவிட்டது’ என்று நம் கிராமத்தார் சொல்வதும் இதுவே. சில துன்பங்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை போலும்.

பாட்டி செய்வது என்ன? வந்தவர் பேசுவதை முழுவதும் கேட்கிறாள். அவருடைய துன்பங்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு வரிசைப்படுத்தச் சொல்கிறாள். அவற்றுள் இப்போதே ஏதேனும் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் செய்கிறாள். அடுத்த வாரம் வரும்போது அது என்னவாயிற்று என்று கேட்கிறாள். இவ்வளவே. 573 பேரைக் கொண்டு நடத்திய சோதனையின் முடிவு 2016-இல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்குப் பின், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. இருக்கையில் அமர்ந்து பேசியவர்களிடம் அது நூற்றுக்குப் பதினான்கு அளவே.

பூன் லே அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் கல்மேசையும் கல்லிருக்கைகளும் இல்லாத இடம் அரிது. வேண்டுவது ஒரு காகிதமும், அவசரப்படாத ஒரு நண்பருமே. காகிதத்தின் நடுவே ஒரு கோடு. வெளியே தீர்வு உள்ளவை ஒரு பக்கம், உள்ளே ஆற்றிக்கொள்ள வேண்டியவை மறு பக்கம்.

முற்கூறிய இளைஞரின் கவலைகளை அப்படிப் பிரித்தால், சம்பளம் முதல் பக்கத்தில் விழும். சிங்கப்பூர்ச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த 7 நாட்களுக்குள் சம்பளமும், 14 நாட்களுக்குள் மிகைநேர ஊதியமும் கொடுபட வேண்டும். 2016 ஏப்ரல் முதல் விவரம் அடங்கிய சம்பளச் சீட்டு கொடுப்பது கட்டாயம். பாக்கி இருந்தால் சச்சரவு நிர்வாகத்திற்கான முத்தரப்புக் கூட்டணியிடம் முறையிடலாம். வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள்ளும், வேலையை விட்ட பின் ஆறு மாதத்துக்குள்ளும் முறையிட வேண்டும் என்ற கெடுவைப் பலர் அறியாமல் இழந்துவிடுகின்றனர். ஆகவே சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைப்பதும், வேலை நேரத்தை அன்றன்று குறித்துவைப்பதும் கணக்கு வேலை மட்டுமல்ல, மனநல வேலையும் ஆகும். என்ன உரிமை தனக்கு உண்டு என்று அறிந்தவன், கரசெக் கூறிய அந்த அதிகாரத்தில் சிறு பங்கையேனும் கைக்கொண்டவன் ஆகிறான். எங்கே கேட்பது என்று தெரியாதவர்க்கு, 2009-இல் தொடங்கப்பட்ட வெளிநாட்டு ஊழியர் நிலையம் வழிகாட்டும். தங்கையின் திருமணமோ இன்றே தீர்க்க இயலாதது. அதற்கு மாதந்தோறும் இவ்வளவு என்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, மீதியைக் காலத்திடம் விட வேண்டியதே.

இரண்டரை மணி நேரம்

இளைஞரின் தூக்கக் கேட்டுக்கு ஒரு காரணம் அவர் கைப்பேசியிலேயே இருக்கிறது. சிங்கப்பூரின் கடிகாரம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்து, பிள்ளைகளைப் படுக்க வைத்து, ஒன்பது மணிக்கு மனைவியோ தாயோ போனை எடுக்கும்போது, பூன் லேயில் மணி பதினொன்றரை. பேச்சு ஒரு மணி நேரம் நீண்டால் பன்னிரண்டரை. நாலரைக்கோ ஐந்துக்கோ எழ வேண்டியவர்க்கு எஞ்சுவது நான்கு மணி நேரம்! வளர்ந்தவர்க்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கூற்று. அப்பேச்சில் பணச் சிக்கலோ மனத்தாங்கலோ தலையெடுத்தால் எஞ்சிய நான்கும் போயிற்று. உயரமான சாரத்தில் மறுநாள் நிற்கப் போகிறவர் அவர் என்பது ஊரில் இருப்பவர் நினைவுக்கு வருவதில்லை. ஊரில் ஆறரை மணிக்குப் பேசினால் இங்கே ஒன்பது. வாரத்தில் சில நாட்களேனும் அப்படி மாற்றிக்கொள்ளலாம். பணத்தைப் பற்றிய பேச்சை ஞாயிறு பகலுக்கென்று ஒதுக்கிவைத்தால் இரவுகள் தப்பும்.

அந்தப் பேச்சின் உள்ளடக்கத்தையும் பார்க்க வேண்டும். அவர் தமக்கு நேர்ந்த சிறு காயத்தை மறைக்கிறார். அவர்கள் அப்பாவின் நெஞ்சுவலியை மறைக்கிறார்கள். ஒருவரையொருவர் காப்பதாக எண்ணி இருபுறமும் நடக்கும் இந்த அன்பான பொய், கடைசியில் இருவரையும் தனிமைப்படுத்துகிறது. எதை மறைக்கிறார்களோ என்ற ஐயம், அறிந்த துன்பத்தைவிடக் கொடியது. எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் என்பதில்லை. வீட்டில் ஒருவரிடமாவது, அண்ணனோ அத்தானோ, உள்ளதை உள்ளபடி சொல்லும் ஏற்பாடு இருந்தால் போதும்.

உள்ளே ஆற்றிக்கொள்ள வேண்டியவற்றுக்கு மருத்துவ நூலார் கூறும் வழிகள் புதியவையல்ல. மூச்சை மெல்ல இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் விட்டால், நெஞ்சின் படபடப்பு தணிகிறது. உடலை அமைதிப்படுத்தும் நரம்பு மண்டலத்தை அது தூண்டுகிறது. உடலுழைப்புச் செய்பவர்க்கும் திறந்த வெளியில் அரை மணி நேர நடை வேறு வகை ஓய்வு. மாலை கடந்தபின் கோப்பி குடித்தால், அதிலுள்ள கஃபீனில் பாதி அளவு ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் உடலில் தங்கும். கவலைப்படுவதற்கென்றே பகலில் அரை மணி நேரம் ஒதுக்கி, மற்ற வேளையில் தலைகாட்டும் கவலையை ‘பிறகு வா’ என்று அந்த நேரத்துக்குத் தள்ளிவைக்கும் முறையொன்றும் உண்டு. கேட்கச் சிரிப்பாக இருப்பினும், உளநூலார் சோதித்துப் பார்த்துப் பயன் கண்டது அது. பீர் போத்தலைப் பற்றி மட்டும் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். மது தூக்கத்தை விரைவில் கொணர்கிறது, பின்னிரவில் கலைத்துவிடுகிறது; மறுநாள் மனத்தை முன்னிலும் தாழ்த்துகிறது. சம்பள நாளின் மறுநாள் காலையில் பலர் உணரும் வெறுமைக்கு இதுவும் ஒரு காரணம்.

எது நோய்?

கவலை எல்லாம் நோய் அன்று. தாய் இறந்தால் அழுவதும், வேலை போனால் கலங்குவதும் மனிதத் தன்மை. மனம் சோர்ந்திருப்பதோ எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் நீடித்து, தூக்கம், பசி, கவனம் ஆகியவற்றைக் கெடுத்து, வேலையையும் உறவையும் நடத்த முடியாதபடி செய்யுமானால் மருத்துவரை நாட வேண்டும். இல்லாத குரல் கேட்பது, எல்லாரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றுவது, வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வருவது ஆகியவற்றுக்கு இரண்டு வாரம் காத்திருக்கலாகாது.

இந்நோய் ஊழியர் விடுதிகளோடு நிற்பதும் இல்லை. விடுதியில் வாழ்வோரைச் சேர்க்காமல், சிங்கப்பூரின் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றி 2016-இல் நடந்த ஆய்வில், ஏழு பேரில் ஒருவர் தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு முக்கிய மனநோய்க்கோ மதுப் பழக்கக் கோளாறுக்கோ ஆளானவர் என்று தெரிந்தது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு மேல் எவ்வித உதவியும் நாடவில்லை. கழுவியதையே கழுவி, பூட்டியதையே பூட்டிப் பார்க்கும் எண்ணச் சுழற்சி நோய் உடையவர்கள் உதவி தேட எடுத்துக்கொண்ட காலம் நடுவணாக 11 ஆண்டுகள். 2022-இல் நடந்த இளையர் ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் கடுமையான சோர்வு, பதற்றம் அல்லது அழுத்தம் இருப்பதாகக் கூறினர். பூன் லே அடுக்குமாடியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவியும், அவளுக்கு நள்ளிரவில் மைலோ கலக்கிக் கொடுக்கும் தாயும் இக்கணக்கில் சேர்ந்தவர்களே.

தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் வெட்கம். சிங்கப்பூரில் மனநோயாளருக்கெனத் தனி மருத்துவமனை 1841-இலேயே தோன்றியது. 1928-இல் இயோ சூ காங் சாலையில் பெரிய மனநோய் மருத்துவமனை எழுந்தது. பெயரிலிருந்த களங்கத்தைப் போக்க 1951-இல் அதற்கு உட்பிரிட்ஜ் என்று புதுப்பெயர் சூட்டினர். சில ஆண்டுகளில் ‘உட்பிரிட்ஜ்’ என்பதே வசைச் சொல் ஆகிவிட்டது! 1993-இல் புவாங்கோக்குக்கு இடம் மாறி, இன்று மனநலக் கழகம் என்று வழங்குகிறது. பலகையை மாற்றுவது எளிது, நாக்கை மாற்றுவது அரிது. ஆனாலும் மாறாமல் இல்லை. தற்கொலை முயற்சி குற்றம் என்றிருந்த சட்டப்பிரிவு 2020 ஜனவரி முதல் நாளோடு நீங்கிற்று. மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போகத் தயங்க மாட்டோம் என்போர் 2019-இல் பாதிக்கும் குறைவாக இருந்து, 2022-இல் நூற்றுக்கு 58-ஆக உயர்ந்தனர்.

நண்பர் செய்யத்தக்கவை

ஒருவர் திடீரெனப் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைத் தள்ளி, தம் பொருள்களைப் பிறர்க்குக் கொடுத்துவிடத் தொடங்கினால், அறைத்தோழர் அதைப் பொருட்படுத்த வேண்டும். ‘ஆம்பளை அழலாமா’, ‘கோவிலுக்குப் போ, சரியாகும்’, ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவன் இல்லையா’ என்பவை நல்ல எண்ணத்தில் சொல்லப்படுபவையே. கேட்பவர் வாயை அடைப்பதுதான் அவற்றால் விளைவது. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, தம்பி?’ என்று நேராகக் கேட்கப் பலர் அஞ்சுகின்றனர், கேட்டால் அந்த எண்ணத்தை ஊட்டியதாகுமோ என்று. ஆராய்ச்சிகள் அப்படிக் காட்டவில்லை. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலே அடைகிறார். ஆம் என்று அவர் சொன்னால், அவரைத் தனியே விடாமல் உடனிருந்து உதவியை அழைக்க வேண்டும். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767. அச்சங்கம் 1969 முதல் இப்பணியில் உள்ளது. 2025-இல் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771. மனநலக் கழகத்தின் எண் 6389 2222. 2006-இல் தொடங்கிய ஹெல்த்சர்வ் என்ற அறநிறுவனம் வெளிநாட்டு ஊழியர்க்கென மருத்துவமும் மன ஆலோசனையும் அளிக்கிறது. அடுக்குமாடிவாசிகள் ஜூரோங் வெஸ்ட்டிலுள்ள பயனியர் பலதுறை மருந்தகத்திலேயே முதலில் பேசலாம்.

மனச்சோர்வுக்கு மருத்துவர் தரும் மாத்திரை தலைவலி மாத்திரை போல் அன்றைக்கே வேலை செய்யாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். நான்கு நாளில் நிறுத்திவிட்டு ‘மருந்து பிடிக்கவில்லை’ என்பவர்கள் பலர். நலமானவுடன் தாமே நிறுத்துவதும் ஆகாது. மருத்துவரைக் கேட்டே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மருத்துவரிடம் போகும் முன், முற்கூறிய காகிதத்தின் பின்பக்கத்திலேயே சிலவற்றை எழுதிக்கொண்டு போகலாம்: வாரத்தில் எத்தனை இரவு தூக்கமில்லை, சாப்பாடு எந்த அளவு, இது எப்போது தொடங்கிற்று, அப்போது என்ன நேர்ந்தது, மது எவ்வளவு. ஆங்கிலம் தடுமாறுமானால் அறைத்தோழரை உடன் அழைத்துச் செல்லலாம். தமிழ் பேசும் பணியாளர் இருக்கிறாரா என்று முகப்பிலேயே கேட்கலாம். அறைக்குள் போனதும் தலைவலியைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல் அந்தக் காகிதத்தை மேசைமேல் வைக்க வேண்டும்.